கட்டை விரலில் காதல்!

தரகர் போனார்; செல்போன் வந்தது

கட்டை விரலை வலது பக்கம் தள்ளினால், "பிடித்திருக்கிறது" என்று அர்த்தம்.

இடது பக்கம் தள்ளினால், "வேண்டாம்" என்று அர்த்தம்.

அவ்வளவுதான் காதல்!

ஜோசியர் இல்லை. தரகர் இல்லை. பெண் பார்க்கப் போய் பஜ்ஜி, சொஜ்ஜி சாப்பிடுவது இல்லை. கையில் ஒரு செல்போன் இருந்தால் போதும்.

இது ஏதோ நாலு பேர் செய்யும் விளையாட்டு என்று நினைத்துவிடாதீர்கள். 2022-ம் ஆண்டில் அமெரிக்காவில் பியூ என்ற ஆராய்ச்சி நிலையம் ஒரு கணக்கு எடுத்தது. 30 வயதுக்குக் கீழே உள்ளவர்களில் 100-க்கு 53 பேர், இப்படித் துணை தேடிப் பார்த்திருப்பதாகச் சொன்னார்கள். பாதிக்கு மேல்!

"இந்தச் செயலி, செயலி என்கிறார்களே, அது என்ன?" என்று வீட்டில் பாட்டி கேட்பார். செல்போன் முகப்பில் சின்னச் சின்னக் கட்டங்கள் இருக்கின்றன அல்லவா? ஒன்றைத் தொட்டால் ரெயில் டிக்கெட் கிடைக்கிறது. ஒன்றைத் தொட்டால் பிரியாணி வருகிறது. இன்னொன்றைத் தொட்டால் மாப்பிள்ளை வருகிறார். அந்தக் கட்டங்கள்தான் செயலிகள்.

காதல் செயலியில் முதலில் உங்கள் போட்டோவைப் போட வேண்டும். பெயர், வயது, செய்யும் வேலை, பிடித்த பாட்டு, பிடித்த நாய்க்குட்டி என்று நாலு வரி எழுத வேண்டும். பிறகு மற்றவர்களின் படங்கள் ஒவ்வொன்றாக வரும், சீட்டுக்கட்டில் சீட்டு வருவது போல. பிடித்ததை வலது பக்கம் தள்ளலாம். பிடிக்காததை இடது பக்கம் தள்ளலாம்.

நீங்கள் ஒருவரை வலது பக்கம் தள்ளினால் பொதுவாக அது அவருக்குத் தெரியாது. அவரும் உங்களை வலது பக்கம் தள்ளினால்தான் "ஜோடி சேர்ந்தது!" என்று செல்போன் மணி அடிக்கும். அதன் பிறகே இருவரும் பேச முடியும்.

இதில் ஒரு நாகரிகம் இருப்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். "உன்னைப் பிடிக்கவில்லை" என்று யாரும் யார் முகத்துக்கு நேராகவும் சொல்வதில்லை. பெண் பார்க்க வந்தவர்கள் "ஊருக்குப் போய் லெட்டர் போடுகிறோம்" என்று சொல்லிவிட்டுப் போய், லெட்டரே போடாமல் இருந்த கதைகள் நம் வீடுகளில் எத்தனை!

3 டாலர் தரகர்

துணை தேடி விளம்பரம் செய்வது புதிது அல்ல. 1695-ம் ஆண்டிலேயே லண்டன் பத்திரிகை ஒன்றில், சுமார் 30 வயது உள்ள ஒரு கனவான் பெண் தேடி விளம்பரம் கொடுத்திருக்கிறார். தனக்கு நல்ல சொத்து இருக்கிறது. பெண்ணுக்கு 3 ஆயிரம் பவுண்டு அளவில் சொத்து இருந்தால் நலம் என்று கேட்டிருக்கிறார். 300 வருஷத்துக்கு முன்பே வரதட்சணைக் கணக்கு!

1965-ம் ஆண்டில் யந்திரமும் தரகு வேலை பார்த்தது.

அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழக மாணவர்கள் சிலருக்கு, கல்லூரிப் பெண்களைச் சந்திக்க வழி தெரியவில்லை. ஒரு யோசனை செய்தார்கள். "ஆபரேஷன் மேட்ச்" என்று பெயர் வைத்தார்கள். கேள்வித்தாள் ஒன்றை அச்சடித்து, கல்லூரி கல்லூரியாக அனுப்பினார்கள். "நீ எப்படிப்பட்டவன்?" என்று 75 கேள்வி. "உனக்கு எப்படிப்பட்ட பெண் வேண்டும்?" என்று 75 கேள்வி. கட்டணம் 3 டாலர்.

வந்த பதில்களைக் கம்ப்யூட்டரில் போட்டார்கள். அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் ஓர் அறையையே அடைத்துக்கொள்ளும். அதை வாடகைக்கு எடுத்து ஓட்டினார்கள். யாருக்கு யார் பொருத்தம் என்று யந்திரம் சொல்லிற்று. பெயரும் டெலிபோன் நம்பரும் தபாலில் வீட்டுக்கு வந்தன.

இதில் பங்கு கொண்ட மாணவர் ஒருவர் பின்னால் பெரிய நீதிபதி ஆனார். டக்ளஸ் கின்ஸ்பர்க் என்று பெயர். 1987-ல் ஜனாதிபதி ரீகன் அவரைச் சுப்ரீம் கோர்ட்டுக்கே நியமிக்கப் பார்த்தார். அது நடக்கவில்லை என்பது வேறு கதை.

1995-ல் இன்டர்நெட் மூலம் ஜோடி தேடும் "மேட்ச் டாட் காம்" வந்தது. அதை ஆரம்பித்தவர் கேரி கிரெமன். அவருடைய காதலியே அந்தத் தளத்தில் வேறு ஒருவரைச் சந்தித்து, அவரோடு போய்விட்டாராம். சரக்கு நல்ல சரக்கு என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டுமா?

நம் ஊர்க்காரர் ஒருவரும் சும்மா இருக்கவில்லை. சென்னை இளைஞர் முருகவேல் ஜானகிராமன் அமெரிக்காவில் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது, 1997-ல் தமிழர்களுக்காக இன்டர்நெட்டில் ஒரு தளம் ஆரம்பித்தார். அதில் திருமண விளம்பரப் பகுதியைத்தான் எல்லோரும் தேடித் தேடிப் பார்த்தார்கள். அதுவே "பாரத் மேட்ரிமனி" ஆயிற்று. அவருக்கு மனைவி அமைந்ததும் அதன் மூலமாகத்தான்!

ஆனால் அது கல்யாணத் தளம். பையனுக்காக அப்பா பதிவு செய்வார். பெண்ணுக்காக அண்ணன் பதிவு செய்வார். ஜாதி, நட்சத்திரம், சம்பளம் எல்லாம் அதில் இருக்கும். தரகருடைய நோட்டுப் புத்தகம் கம்ப்யூட்டருக்குள் போய் உட்கார்ந்துகொண்டது, அவ்வளவே.

காதல் செயலி அப்படி அல்ல. அது அப்பாவைக் கேட்காது. ஜாதியைக் கேட்காது. ஜாதகத்தைக் கேட்காது.

கண்ணாடியைத் துடைத்தார்!

செல்போன் ஒரு புது வசதியைக் கொண்டு வந்தது. நீங்கள் எந்தத் தெருவில் நிற்கிறீர்கள் என்பது அதற்குத் தெரியும்.

2009-ல் "கிரைண்டர்" என்ற செயலி வந்தது. ஆணை விரும்பும் ஆண்களுக்காக ஏற்பட்டது அது. பக்கத்தில் யார் இருக்கிறார்கள், எத்தனை அடி தூரத்தில் இருக்கிறார்கள் என்று காட்டிற்று. வெளியே சொல்ல முடியாமல் மனதுக்குள் வைத்துக்கொண்டு வாழ்ந்தவர்களுக்கு, "நீ தனி ஆள் இல்லை" என்று முதலில் சொன்னது இந்தச் செல்போன்தான்.

2012-ல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் பட்டணத்தில் "டிண்டர்" பிறந்தது. விரலால் தள்ளும் வித்தையை உலகத்துக்குப் பழக்கியது அதுதான். அந்த வித்தையைக் கண்டுபிடித்த ஜொனதன் பாடீன், யோசனை எங்கே உதித்தது என்று பின்னால் சொன்னார். அவர் குளித்துவிட்டு வந்தாராம். வெந்நீர் ஆவியால் கண்ணாடி மங்கி இருந்தது. கையால் இப்படி ஒரு துடைப்பு, அப்படி ஒரு துடைப்பு துடைத்தாராம். உடனே பொறி தட்டிற்றாம்.

செயலி தயார். ஆள் சேர்க்க வேண்டுமே! ஆள் இல்லாத காதல் செயலி, ஜனம் இல்லாத திருவிழா மாதிரி.

அந்த வேலையைச் செய்தவர் விட்னி உல்ஃப் என்ற இளம் பெண். கல்லூரி கல்லூரியாகப் போனார். முதலில் பெண்கள் விடுதிக்குப் போய், எல்லாப் பெண்களையும் சேர்த்தார். பிறகு ஆண்கள் விடுதிக்குப் போனார். "திறந்து பாருங்கள்" என்றார். திறந்தால், தெரிந்த பெண்கள் எல்லோரும் உள்ளே இருந்தார்கள். அப்புறம் ஆண்கள் சேருவதற்குக் கேட்க வேண்டுமா?

இரண்டே வருஷத்தில், 2014-ல், நாள் ஒன்றுக்கு 100 கோடி தடவை விரல்கள் தள்ளின.

அதே 2014-ல் விட்னிக்கும் கம்பெனிக்கும் சண்டை வந்தது. தன்னைத் தொந்தரவு செய்ததாக வழக்குப் போட்டார். அது சமரசம் ஆயிற்று. வெளியே வந்து "பம்பிள்" என்று சொந்தமாக ஒரு செயலி ஆரம்பித்தார். அதில் ஒரு சட்டம்: ஜோடி சேர்ந்தபின், பெண்தான் முதலில் பேச வேண்டும். ஆண் வாயைத் திறக்கக்கூடாது!

2021 பிப்ரவரியில் பம்பிள் கம்பெனியின் பங்குகள் சந்தைக்கு வந்தபோது அவருக்கு வயது 31. கோடீசுவரி ஆகிவிட்டார். ஆனால் எப்போதும் நாமே முதலில் பேச வேண்டி இருக்கிறதே என்று பெண்களுக்கே அலுத்துவிட்டது போலும். 2024-ல் அந்தச் சட்டத்தைக் கொஞ்சம் தளர்த்தினார்கள். பெண் ஒரு கேள்வியை எழுதி வைத்துவிடலாம். ஆண் அதற்குப் பதில் சொல்லித் தொடங்கலாம்.

தோழியின் வேலை போயிற்று

அமெரிக்காவில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ரோசன்பெல்டு என்று ஒரு பேராசிரியர் இருக்கிறார். அவருடைய ஆராய்ச்சி விசித்திரமானது. தம்பதிகளைப் பார்த்து, "நீங்கள் இருவரும் முதலில் எப்படிச் சந்தித்தீர்கள்?" என்று கேட்பார்.

1995-ல் சந்தித்த ஆண்-பெண் ஜோடிகளில் 100-க்கு 33 ஜோடிகளை நண்பர்கள் சேர்த்து வைத்தார்கள். இன்டர்நெட் சேர்த்து வைத்தது 2 ஜோடியைத்தான்.

2017-ல் நண்பர்கள் சேர்த்து வைத்தது 20 ஜோடி. இன்டர்நெட்டும் செல்போனும் சேர்த்து வைத்தது 39 ஜோடி!

அம்மா, அப்பா, அக்கம்பக்கம், மாதாகோவில் ஆகிய எல்லோருடைய பங்கும் இதே காலத்தில் குறைந்துவிட்டது. தோழி போனாள். அண்ணி போனாள். அலுவலகத்து அக்கா போனாள்.

"இப்படிச் சேர்ந்த ஜோடிகள் சீக்கிரம் பிரிந்துவிடுமே?" என்று நீங்கள் கேட்கலாம். பேராசிரியரும் அதைத்தான் ஆராய்ந்தார். மற்ற ஜோடிகளைவிட இவர்கள் அதிகமாகப் பிரியவில்லை. செல்போன் காதல் என்றால் காகிதக் கப்பல் என்று எண்ணியவர்களுக்கு இது ஏமாற்றம்தான்.

யாருக்கு லாபம் என்று பார்த்தால், கூட்டம் சிறிதாக உள்ளவர்களுக்குத்தான் அதிக லாபம். 45 வயதில் கணவனை இழந்த ஒரு பெண்ணை நினைத்துப் பாருங்கள். அவளுக்கு ஒரு துணை வேண்டும் என்று எந்தத் தோழி முன்வந்து பேசுவாள்? எந்த அண்ணன் மாப்பிள்ளை தேடுவான்? "இந்த வயதில் இது என்ன ஆசை?" என்று முகத்தைச் சுளிப்பார்கள். விவாகரத்து ஆனவர்கள், ஊர் விட்டு ஊர் வந்து வேலை பார்ப்பவர்கள், வேற்று ஜாதியில் துணை தேடுவதற்குத் தயங்காதவர்கள், எல்லோருக்கும் இதே கதைதான். செல்போன் முகத்தைச் சுளிப்பதில்லை.

பெண்ணைப் பெண்ணும், ஆணை ஆணும் விரும்பும் ஜோடிகளில் மூன்றில் இரண்டு பங்கு இன்டர்நெட் மூலமே சந்தித்ததாக ரோசன்பெல்டு கண்டார். இந்தியாவில் அப்படி விரும்புவது குற்றம் அல்ல என்று சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது 2018 செப்டம்பர் 6-ந் தேதி. அதற்கு முன்பே அவர்களுக்கு வாசல் திறந்தது செல்போன்.

இதெல்லாம் நல்ல பக்கம்.

ஒருவருக்கு வெள்ளம், ஒருவருக்கு வறட்சி

இப்போது மற்றப் பக்கத்தைப் பார்ப்போம்.

செயலியைத் திறந்த ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே அனுபவம் கிடைப்பதில்லை. பெண்ணுக்குக் கடிதங்கள் வெள்ளமாக வருகின்றன. ஆணுக்கு ஒன்றும் வருவதில்லை! பியூ நிலையத்தின் கணக்கில், "இத்தனை கடிதங்களா!" என்று திணறியதாக 100-க்கு 54 பெண்கள் சொன்னார்கள். "யாருமே எழுதவில்லையே, நம்மிடம் என்ன குறை?" என்று மனம் உடைந்ததாக 100-க்கு 64 ஆண்கள் சொன்னார்கள்.

பெண்களுக்கு வந்த வெள்ளத்தில் சாக்கடையும் கலந்து வந்தது. இந்தச் செயலிகளைப் பயன்படுத்திய 50 வயதுக்குக் கீழ்ப்பட்ட பெண்களில் 100-க்கு 56 பேருக்கு, கேட்காமலே ஆபாசப் படமோ, ஆபாசக் கடிதமோ வந்திருக்கிறது. நேரில் வந்து கேட்டால் செருப்படி விழும். செல்போனில் தைரியம் வந்துவிடுகிறது.

டிண்டர் ஒரு காலத்தில் ஒவ்வொருவருக்கும் ரகசியமாக மார்க் போட்டுக்கொண்டிருந்தது. சதுரங்க ஆட்டக்காரர்களுக்குப் போடும் மார்க் போன்றது அது. உங்களை நிறையப் பேர் வலது பக்கம் தள்ளினால் உங்கள் மார்க் ஏறும். இடது பக்கம் தள்ளினால் இறங்கும். மார்க்குக்குத் தகுந்த ஆட்களைத்தான் உங்களுக்குக் காட்டும். அந்த முறையை விட்டுவிட்டதாக 2019-ல் கம்பெனி சொன்னது.

பணம் பண்ணுவதிலும் சாமர்த்தியம்தான். செயலி இலவசம். ஆனால் தவறுதலாக இடது பக்கம் தள்ளியவரைத் திரும்பக் கூப்பிட வேண்டுமா? கட்டணம். கணக்கில்லாமல் வலது பக்கம் தள்ள வேண்டுமா? கட்டணம். 2015-ல் அமெரிக்காவில் டிண்டர் வைத்த விலை என்ன தெரியுமா? 30 வயதுக்குக் கீழே இருந்தால் மாதம் 10 டாலர். 30 ஆகிவிட்டால் 20 டாலர்! வயது ஏறிவிட்டால் தரகுக் கூலியும் ஏறும் என்பது நம் ஊர்த் தரகர்களுக்கும் தெரிந்த கணக்குதான். ஆனால் கலிபோர்னியாவில் இது வழக்காகி, 2018-ல் மேல் கோர்ட்டு கம்பெனிக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது.

இதில் ஒரு முடிச்சு இருக்கிறது. தரகருக்குக் கல்யாணம் முடிந்தால்தான் காசு. பந்தியில் முதல் இலை, வேட்டி துண்டு, தரகுப் பணம், எல்லாம் தாலி கட்டிய பிறகுதான். செயலிக்கு அப்படி அல்ல. உங்களுக்குத் துணை கிடைத்துவிட்டால் நீங்கள் பணம் கட்டுவதை நிறுத்திவிடுவீர்கள். கிடைக்காத வரையில்தான் அதற்கு வருமானம்!

இதையே குற்றமாகச் சொல்லி, 2024 பிப்ரவரி 14-ந் தேதி அமெரிக்காவில் சிலர் வழக்குப் போட்டார்கள். டிண்டரை நடத்தும் மேட்ச் குரூப் கம்பெனி, சூதாட்டம் போல் ஜனங்களைப் பழக்கப்படுத்திவிடுகிறது என்பது வழக்கு. கம்பெனி மறுத்தது. வழக்குப் போட்ட தேதியைக் கவனித்தீர்களா? காதலர் தினம்!

வைர வியாபாரி மகன்

தரகர் இல்லாத காதலில் என்ன நடக்கும் என்பதற்கு, உலகமே பேசிய ஓர் உதாரணம் உண்டு.

நார்வே நாட்டைச் சேர்ந்த ஓர் இளம் பெண் லண்டனில் வேலை பார்த்துவந்தாள். 2018-ல் டிண்டரில் ஒரு படத்தைப் பார்த்தாள். அழகான வாலிபன். விலை உயர்ந்த உடை. பக்கத்தில் தனி விமானம். பெயர் சைமன் லெவியேவ். இஸ்ரேலைச் சேர்ந்த வைர வியாபாரி லெவ் லெவியேவின் மகன் என்று சொல்லிக்கொண்டான்.

அவள் வலது பக்கம் தள்ளினாள்.

பெரிய ஓட்டலில் சந்தித்தார்கள். காப்பி சாப்பிட்டார்கள். அன்றே அவளைத் தனி விமானத்தில் பல்கேரியாவுக்கு அழைத்துப் போனான். பூங்கொத்து அனுப்பினான். தினமும் அன்பான வார்த்தைகள். "நாம் இருவரும் சேர்ந்து வாழ வீடு பார்" என்றான். அவளும் வீடு பார்த்தாள்.

ஒரு நாள் ஒரு போட்டோ வந்தது. அவனுடைய மெய்க்காப்பாளன் தலையில் ரத்தம். "எதிரிகள் என்னைத் துரத்துகிறார்கள். என் பெயரில் உள்ள கார்டைப் பயன்படுத்தினால் நான் இருக்கும் இடம் தெரிந்துவிடும். உன் கார்டைக் கொடு. சில நாளில் திருப்பித் தருகிறேன்" என்றான்.

காதலன் உயிருக்கு ஆபத்து! எந்தப் பெண் யோசிப்பாள்? கார்டைக் கொடுத்தாள். அது தீர்ந்தது. பாங்கியில் கடன் வாங்கிக் கொடுத்தாள். இன்னொரு பாங்கியில் வாங்கினாள். இப்படி 9 இடங்களில் கடன். மொத்தம் இரண்டரை லட்சம் டாலர். அன்றைய மதிப்பில் சுமார் 1 கோடியே 70 லட்சம் ரூபாய்!

அந்தப் பணம் எங்கே போயிற்று? அடுத்த பெண்ணைத் தனி விமானத்தில் அழைத்துப் போக!

அவன் வைர வியாபாரி மகனே அல்ல. உண்மைப் பெயர் ஷிமோன் ஹயூத். 2015-லேயே பின்லாந்தில் மூன்று பெண்களை ஏமாற்றித் தண்டனை பெற்றவன்.

2019 பிப்ரவரியில் நார்வே பத்திரிகை ஒன்று குட்டை உடைத்தது. அதைப் படித்தாள் ஹாலந்து நாட்டுப் பெண் ஒருத்தி. அவளும் அவனுடைய காதலிதான்! அவள் கோபத்தைக் காட்டிக்கொள்ளவில்லை. "உனக்குப் பணக் கஷ்டமா? உன் உடைகளைக் கொடு, விற்றுப் பணம் தருகிறேன்" என்றாள். அவன் நம்பினான். உடைகளைக் கொடுத்தான். அவள் விற்றாள். பணத்தைத் தானே வைத்துக்கொண்டாள்!

அந்த வருஷமே அவன் கிரீஸ் நாட்டில் கள்ளப் பாஸ்போர்ட்டுடன் பிடிபட்டான். இஸ்ரேலுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே அவன் செய்திருந்த பழைய மோசடிகளுக்காக 15 மாதம் ஜெயில் கிடைத்தது. 5 மாதத்தில் வெளியே வந்துவிட்டான். நார்வே பெண்ணை ஏமாற்றியதற்காக அந்தத் தண்டனை அல்ல. தான் மோசடிக்காரன் அல்ல என்று அவன் சொல்லிவருகிறான். 2022-ல் இந்தக் கதையை "டிண்டர் ஸ்விண்ட்லர்" என்ற படமாக நெட்பிளிக்ஸ் வெளியிட்டது.

இந்தப் பெண்களை முட்டாள்கள் என்று சிரிப்பவர்கள் உண்டு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர்கள் இன்டர்நெட்டில் அவன் பெயரைத் தேடிப் பார்த்தார்கள். போட்டோ இருந்தது, விமானம் இருந்தது, ஓட்டல் இருந்தது, எல்லாம் கண்ணுக்கு எதிரே இருந்தது. இல்லாதது ஒன்றே ஒன்றுதான். அந்தக் குடும்பத்தைத் தெரிந்த ஓர் ஆள்! "லெவியேவ் வீட்டிலே இப்படி ஒரு பிள்ளையே கிடையாதே, அம்மா" என்று ஒரே ஒருவர் சொல்லி இருந்தால், கதை முதல் காப்பியோடு முடிந்திருக்கும்.

தரகர் பொய் சொல்ல மாட்டாரா என்றால், தாராளமாகச் சொல்வார். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் செய்யலாம் என்று பழமொழியே இருக்கிறது. ஆனால் தரகர் அடுத்த தெருவில் இருப்பார். பொய் வெளிப்பட்டால் பெண்ணின் மாமா போய்ச் சட்டையைப் பிடிக்கலாம். செல்போனில் வந்தவன் எந்தத் தெரு?

மறுபக்கம் இருப்பது யார்?

2022-ம் ஆண்டில் மட்டும் அமெரிக்காவில் சுமார் 70 ஆயிரம் பேர், காதல் மோசடியில் பணம் போயிற்று என்று அரசாங்கத்திடம் புகார் கொடுத்தார்கள். போன பணம் 130 கோடி டாலர். நம் கணக்கில் 10 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல்! வெட்கத்தால் புகார் கொடுக்காதவர்கள் இதில் சேரவில்லை.

இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. "அன்பே" என்று எழுதுகிறவனும் சில சமயம் ஒரு கைதி!

பர்மா, கம்போடியா எல்லைகளில் பெரிய பெரிய கட்டிடங்கள் இருக்கின்றன. சுற்றிலும் முள்வேலி. "தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை, நல்ல சம்பளம்" என்று பல நாட்டு இளைஞர்களை ஆசை காட்டி அழைத்துப்போய் உள்ளே அடைத்துவிடுகிறார்கள். பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொள்கிறார்கள். அழகான பெண்ணின் போட்டோவைக் கொடுத்து, "நீதான் இந்தப் பெண். வெளிநாட்டு ஆண்களுடன் காதலாகப் பேசு. பணத்தைக் கறந்து கொடு" என்கிறார்கள். மறுத்தால் அடி, உதை. பர்மாவில் 1 லட்சத்து 20 ஆயிரம் பேரும், கம்போடியாவில் 1 லட்சம் பேரும் இப்படிச் சிக்கி இருக்கலாம் என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2023-ல் சொன்னது.

தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் இந்த வலையில் விழுந்தார்கள். 2022 அக்டோபரில் 13 தமிழர்கள் பர்மாவில் இருந்து மீட்கப்பட்டுச் சென்னைக்குத் திரும்பி வந்தார்கள்.

யோசித்துப் பாருங்கள். அமெரிக்காவில் தனியாக வாழும் 60 வயதுக் கிழவர் ஒருவர், "இன்று சாப்பிட்டீர்களா, அன்பே?" என்று வந்த கடிதத்தைப் பார்த்துக் கண் கலங்குகிறார். அதை எழுதியவன், உண்மையில் தானே சாப்பிடாமல், முதுகில் தழும்போடு ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கிறான்.

டில்லியில் நடந்தது கொஞ்சம் தமாஷ். ஆனால் பணம் போனவருக்கு அது தமாஷ் அல்ல.

2024 ஜூன் மாதம். ஐ.ஏ.எஸ். பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த வாலிபர் ஒருவர், டிண்டரில் சந்தித்த பெண்ணின் பிறந்த நாளுக்காகக் கிழக்கு டில்லியில் ஒரு காப்பிக் கடைக்குப் போனார். கேக் வந்தது. ஏதோ பானம் வந்தது. திடீரென்று அந்தப் பெண், "வீட்டில் அவசரம்" என்று சொல்லி எழுந்து போய்விட்டாள். பில் வந்தது.

1 லட்சத்து 21 ஆயிரம் ரூபாய்!

வாலிபரை மிரட்டிப் பணத்தைக் கறந்தார்கள். அவர் நேராகப் போலீசுக்குப் போனார். விசாரித்ததில் கூட்டுக் களவு வெளிப்பட்டது. கடைக்காரர்களுக்கும் பெண்ணுக்கும் பங்கு. பெண்ணின் பங்கு 100-க்கு 15 என்று போலீசார் சொன்னார்கள். அவளைத் தேடிப் போனபோது அவள் என்ன செய்துகொண்டிருந்தாள்? இன்னொரு கடையில், இன்னொரு ஆணுடன் உட்கார்ந்திருந்தாள்!

நம் நாட்டில் இப்படிப் பணத்தைப் பறிகொடுத்தவர்கள் 1930 என்ற நம்பருக்கு உடனே போன் செய்ய வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, அவ்வளவு தூரம் பணத்தைப் பாங்கியிலேயே மடக்க வழி உண்டு. முதல் சந்திப்பு ஜனங்கள் நடமாடும் இடத்தில் இருக்கட்டும். இடத்தை நீங்கள் சொல்லுங்கள். வருகிறவர் சொல்லும் கடைதான் என்று ஒப்புக்கொள்ள வேண்டாம். பணம் என்ற பேச்சு வந்தால் அங்கேயே இடது பக்கம் தள்ளிவிடுங்கள்.

அத்தை திரும்பி வந்தாள்

ஜனங்களுக்கு அலுத்துவிட்டதோ என்னவோ, பணம் கட்டுவோர் தொகை குறைந்துவருகிறது. 2025 மே மாதம் மேட்ச் குரூப் தன் ஊழியர்களில் 100-க்கு 13 பேரை நிறுத்தப் போவதாக அறிவித்தது. அடுத்த மாதமே பம்பிள் 100-க்கு 30 பேரை நிறுத்துவதாகச் சொன்னது.

கம்பெனிகளும் புதுப் புது வழிகளைத் தேடுகின்றன. "நீங்கள்தான் இந்தப் போட்டோவில் உள்ளவரா?" என்று முகத்தைப் படம் பிடித்துச் சரிபார்க்கிறார்கள். யாரை, எங்கே, எத்தனை மணிக்குச் சந்திக்கப் போகிறோம் என்ற விவரத்தை அம்மாவுக்கோ, தோழிக்கோ அனுப்பி வைக்கும் வசதியை 2024-ல் டிண்டர் கொண்டு வந்தது.

அதற்கு முன், 2023 அக்டோபரில், அதே டிண்டர் செய்த காரியம்தான் வேடிக்கை. "மேட்ச்மேக்கர்" என்று ஒரு புது வசதி. மேட்ச்மேக்கர் என்றால் வேறு யாரும் அல்ல, கல்யாணத் தரகர்தான்!

செயலியில் துணை தேடும் பெண், தன் அக்காவுக்கோ, அத்தைக்கோ, தோழிக்கோ ஒரு சீட்டு அனுப்பலாம். 15 பேர் வரை அனுப்பலாம். அவர்கள் செயலியில் சேர வேண்டியது இல்லை. 24 மணி நேரத்துக்கு அவர்களும் உள்ளே வந்து படங்களைப் பார்க்கலாம். "இந்தப் பையன் நன்றாக இருக்கிறான்" என்று சிபாரிசு செய்யலாம்.

சிபாரிசுதான் செய்யலாம். அவர்கள் பெயரால் யாருக்கும் கடிதம் போக முடியாது. ஜோடி சேர்க்க முடியாது. 24 மணி நேரம் ஆனதும் கதவு சாத்திக்கொள்ளும். வலது பக்கம் தள்ளுவதா, இடது பக்கம் தள்ளுவதா என்பதை அந்தப் பெண்ணின் கட்டை விரல்தான் சொல்ல வேண்டும்.